இடுப்பளவு, சர்க்கரை, டிரெட்மில்: தையல் கடையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். போன வருடம் ஆடி மாதம், முகூர்த்தம் இல்லாமல் கை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில், முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். டிரெட்மில்லிலும் ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அளவு கொடுக்க வருகிறவர்கள் துணியைவிட என் ரிப்போர்ட்டைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது; அதனால் எழுதியே வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் சொன்னது, படித்துத் தெரிந்துகொண்டது, என் உடம்பில் பட்டது, இவ்வளவுதான் இதில் இருக்கிறது. எந்த மாத்திரை சாப்பிடலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நல்லாத்தானே இருந்தீங்க அக்கா, எதுக்குப் போய் டெஸ்ட் எடுத்தீங்க?

ஒரு பட்டு ஜாக்கெட்டால். ஜாக்கெட்டின் பக்கவாட்டில் உள்ளே மூன்று தையல் போடுவோம். உடம்பு போடப் போட ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். பிரிக்கக் கொண்டுவருகிறவர்கள் “துணி சுருங்கிடுச்சு” என்பார்கள், நானும் ஆமாம் போடுவேன். வியாபாரம்.

2019இல் எனக்கே தைத்துக்கொண்ட ஜாக்கெட் அது. ஒரு நிச்சயதார்த்தத்துக்காக எடுத்தேன். முதல் தையலை எப்போதோ பிரித்திருந்தேன். இரண்டாவதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன், ஏறவில்லை. மூன்றாவதையும் பிரித்தேன். ஹூக் ஒரு விரல் அகலத்துக்கு எட்டவில்லை. தண்ணீரே படாத பட்டு சுருங்காது என்று எனக்குச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. அதற்கு மேல் பிரிக்க உள்ளே துணியும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. கடை மாடியில், பத்தொன்பது படி. துணிப் பையோடு ஏறி வந்தால் இரண்டு நிமிடம் பேச மூச்சு வராது. அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்கு 46 வயது, ஒரு நாளில் பத்து மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இதையெல்லாம் தனித்தனியாகப் பல வருடமாகத் தெரிந்துதான் வைத்திருந்தேன். ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

எடை மெஷின்ல ஏறிப் பார்த்தாப் போதாதா?

எடை ஒரே ஒரு எண். அன்றைக்கு என் எடை 71.4 கிலோ, உயரம் 154 செ.மீ. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ.; எனக்கு 30. பொதுவாக உலக அளவில் 25 தாண்டினால் கூடுதல் எடை, 30 என்றால் உடல் பருமன். இந்தியர்களுக்கு இந்தக் கோட்டைக் கீழே இறக்கி, 23லேயே கூடுதல் எடை, 25லேயே பருமன் என்று வைத்திருக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு விஷயம் படித்தேன். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இது எனக்குச் சட்டென்று புரிந்தது. மார்பு 36 என்று இரண்டு பேர் அளவு கொடுப்பார்கள். ஒரே வெட்டு இரண்டு பேருக்கும் உட்காராது. பி.எம்.ஐ.க்கு அடிப்படையான கணக்கைப் போட்ட பெல்ஜியத்துக்காரர் கெத்தலேவும், 19ஆம் நூற்றாண்டில், கூட்டத்தின் சராசரியைப் பார்க்கத்தான் போட்டார். ஒரு ஆளை நிறுத்திவைத்துத் தீர்ப்புச் சொல்ல அல்ல. ரெடிமேட் நைட்டியின் எல், எக்ஸ்எல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தோராயமாகச் சொல்லும், பொருந்துமா என்று சொல்லாது.

அப்போ இடுப்பளவா? அதுதான் உங்ககிட்ட இருக்கே அக்கா, ஜாக்கெட் நோட்டுல?

அது வேறு, இது வேறு. நான் எடுப்பது ஜாக்கெட் முடிகிற இடத்தின் அளவு, இல்லையென்றால் பாவாடை நாடா கட்டுகிற இடம். ஆரோக்கியத்துக்குப் பார்க்கிற அளவு இரண்டுக்கும் நடுவில். கடைசி விலா எலும்பை விரலால் தொட்டுக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சரிபாதியில் இன்ச் டேப். காலைச் சேர்த்து நின்று, சாதாரணமாக மூச்சு விட்ட முடிவில் படிக்க வேண்டும். டேப் தரைக்கு இணையாக இருக்கட்டும். பின்பக்கம் கீழே சரிந்துவிடும், கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். தோலைத் தொட வேண்டும், பள்ளம் விழக்கூடாது.

வயிற்றை எக்காதீர்கள். இருபத்திரண்டு வருடத்தில் டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்காத ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும்போது எக்கினால் பிறகு மூச்சு முட்டுவது அவர்களுக்கு; இதில் எக்கினால் ஏமாறுவதும் அவர்களே.

நம் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. அதைத் தாண்டினால் வயிற்றுக்குள் குடல், ஈரலைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொடையில் சேர்வதைவிட இதுதான் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் வம்பு. எனக்கு 96 இருந்தது. ஊரில் உள்ளவர்கள் அளவெல்லாம் எழுதிய நோட்டில் என் அளவை அன்றுதான் முதல்முதலாக எழுதினேன்.

எங்க வீட்டுக்காரர் “பத்து வருஷமா என் பேண்ட் சைஸ் 34தான்”னு பெருமையா சொல்றாரே?

பேண்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறார். வயிறு வளர வளர பெல்ட் கீழே இறங்கும், சைஸ் மாறவே மாறாது. என் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். டேப்பைச் சரியான இடத்தில் பிடித்தேன்: 41 இன்ச். “டேப் பழசு” என்றார்.

காசு செலவு பண்ணாம, வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுமா?

முடியும். சென்னையில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர், சர்க்கரை வரும் ஆபத்தைக் கணிக்க இந்தியர்களுக்காகவே ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். நான்கே கேள்வி. வயது 35 முதல் 49 என்றால் 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்பளவு பெண்ணுக்கு 80 முதல் 89 செ.மீ. என்றால் 10, 90லிருந்து 20. ஆணுக்கு 90 முதல் 99 என்றால் 10, நூறிலிருந்து 20. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்த வேலை என்றால் 30. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60, அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள் என்று அர்த்தம். நான் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கூட்டிப் பார்த்தேன்: 20, 20, 30, 10. எண்பது.

இதெல்லாம் நமக்கு ஏன் அவசரம் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. பெரியவர்களில் சர்க்கரை நோய் அதிகமுள்ள இடங்களில் கோவா முதலிடம், 26.4 சதவீதம். அடுத்தது நம் புதுச்சேரி, 26.3. அதாவது என் கடைக்கு வருகிற நான்கு பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவருக்கு அது தெரியுமா என்பது வேறு கணக்கு.

எங்கே போய் எடுக்கறது? பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமா?

எடுத்த எடுப்பில் கோரிமேட்டுக்கு, ஜிப்மருக்கு ஓட வேண்டியதில்லை. முப்பது வயது தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது தேசியத் திட்டத்திலேயே இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அங்கே ஏதாவது கூடுதலாகத் தெரிந்தால் பிறகு பெரிய இடம்.

தனியார் லேபில் எடுப்பதானால் பேக்கேஜ் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். தங்கம், வைரம், பிளாட்டினம் என்று நகைக்கடை மாதிரி வைத்திருப்பார்கள். “எண்பது டெஸ்ட்” என்று பெரிதாகப் போட்டிருக்கும். சிறுநீரில் மட்டும் பத்துப் பதினைந்தைத் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள். உடல் எடையை நினைத்துப் போகிறவர்களுக்கு அடிப்படையாக வேண்டியது கொஞ்சம்தான்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, கடைசி இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு வகைகள், ஈரல், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., சிறுநீர். இதோடு ரத்த அழுத்தம், ஒரு ஈ.சி.ஜி. மீதியை டாக்டர் சொன்னால் எடுக்கலாம்.

வெறும் வயிறுன்னா தண்ணிகூடக் குடிக்கக்கூடாதா?

வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்தால் நரம்பும் சுலபமாகக் கிடைக்கும். சர்க்கரைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம், கொழுப்பும் சேர்த்து என்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு. “சர்க்கரை போடாத காபிதானே” என்பது கணக்கில் வராது, அதில் பால் இருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கிற ரத்தத்துக்கு, தினமும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். நல்ல ரிப்போர்ட் வர வேண்டும் என்று இரண்டு இட்லியைச் சட்னி தொடாமல் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களை லேப் வாசலில் பார்த்தேன். நானும் அப்படித்தான் சாப்பிட்டிருந்தேன்.

ஒரு வாரம் பத்தியம் இருந்துட்டுப் போனா ரிப்போர்ட் நல்லா வருமா?

வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் ஏமாறும். ஹெச்பிஏ1சி ஏமாறாது. ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அவ்வளவு நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டியிருக்கும். அதை அளப்பதால் கடைசி இரண்டு மூன்று மாதக் கதை வெளியே வந்துவிடும். 5.7க்குக் கீழே சாதாரணம், 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5லிருந்து சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் அதே கோடு 100, 126. எனக்கு 6.1, வெறும் வயிற்றில் 112. வாசல்படியில் நிற்கிறேன், உள்ளே போகவில்லை.

ஆனால் இதில் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. எனக்கு ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே சோகை. மாதவிடாய் நிற்கிற வயதில் உதிரப்போக்கு அதிகமாகி, இரும்புச்சத்து இறங்கியிருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவில் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கொஞ்சம் ஏறிக் காட்டலாம் என்றார் டாக்டர். படியேறினால் மூச்சு வாங்கியதில் பாதிப் பழி இந்த ரத்தக்குறைவுக்கும் உண்டு. எல்லாவற்றையும் எடை மேல் போட்டுவிட்டு, பட்டினி கிடந்து இளைக்கப் பார்த்திருந்தேன் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். டெஸ்ட் எடுத்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பேன். குண்டாக இருப்பதைத் தெரிந்துகொள்ள லேப் எதற்கு, குண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது அங்கேதான் தெரிந்தது.

எனக்குத் தைராய்டாத்தான் இருக்கும், சாப்பாடு நான் கம்மிதான்.

இது கேள்வி இல்லை என்றாலும் வாரம் ஒருவர் சொல்வதால் எழுதுகிறேன். நானும் தைராய்டு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் கவரைப் பிரித்தேன். டி.எஸ்.ஹெச். 3.1, சரியாக இருந்தது. ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். தைராய்டு நிஜமாகவே குறைந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் அதனால் ஏறுகிற எடை பெரும்பாலும் சில கிலோதான். இருபது கிலோவுக்கும் தைராய்டையே கை காட்ட முடியாது.

சாப்பாடு கம்மி என்பதற்கு என் கதை. சோறு நானும் ஒரு கரண்டிதான். ஆனால் கடையில் ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பத்து ஸ்பூன் என்றால் நாற்பது கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. டீயோடு தொட்டுக்கொள்ள பண்ருட்டி உறவுக்காரர்கள் கொடுத்த வறுத்த முந்திரி, மெஷின் பக்கத்திலேயே டப்பாவில். முந்திரி கெட்டது இல்லை. ஆனால் நூறு கிராமில் ஐந்நூற்றைம்பது கலோரி இருக்கிறது. பேசிக்கொண்டே தைத்தால் கை எண்ணாது.

பிரஷர் எனக்கு ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு மாதிரி காட்டுதே?

காட்டும். ஒரு கிளினிக்கில் மாடி ஏறிப் போன வேகத்திலேயே கையில் பட்டையைச் சுற்றினார்கள். இறுக்கமான ஜாக்கெட் கை, அதன் மேலேயே. அரை மணி நேரத்துக்கு முன் டீ வேறு. 152/94 என்று எழுதி, முகத்தைச் சுளித்து அனுப்பினார்கள். அன்றிரவு தூக்கமே இல்லை.

பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தார். முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை மேஜை மேல். அப்புறம் என் கையைப் பார்த்துவிட்டு வேறு பட்டையை எடுத்துவந்தார். என் கைச்சுற்று 14 இன்ச், அதாவது முப்பத்தைந்தரை செ.மீ. வழக்கமான பட்டை 34 செ.மீ. வரைக்கும்தான், அதற்கு மேல் பெரிய பட்டை போட வேண்டும், சின்னதைப் போட்டால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். பிறத்தியார் கைக்கெல்லாம் கால் இன்ச் பிசகாமல் வெட்டுகிற எனக்கு, என் கைக்குத் தப்பான சைஸ் போட்டதைக் கேட்கத் தோன்றவில்லை. 136/86 வந்தது. இதுவும் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தூக்கம் கெடுகிற அளவில்லை. பருத்த கை உள்ளவர்கள் “பெரிய பட்டை இருக்கா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

டிரெட்மில் டெஸ்ட்ல என்ன பண்ணுவாங்க? பொம்பளைங்களுக்குக் கூச்சமா இருக்காதா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். விவரமாகவே சொல்கிறேன்.

ஓடும் பெல்ட்டில் நடக்க வைத்து, அப்போது இதயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற டெஸ்ட் இது. முதலில், இது எல்லாருக்கும் வேண்டியது இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர் பேக்கேஜில் இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம். பெண்களுக்குச் சும்மாவே தப்பாகச் சந்தேகம் காட்டி அலைய வைப்பதும் உண்டு. எனக்கு மூச்சு வாங்கியதாலும், குடும்பச் சரித்திரத்தாலும் எழுதிக்கொடுத்தார்கள். நெஞ்சுவலி இப்போதே இருக்கிறது என்றால் டிரெட்மில்லுக்கு இல்லை, நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். பெண்களுக்கு அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாதிரி வராமல், தாடை, முதுகு, காரணமில்லாத அசதி என்றும் வரலாம்.

முதல் நாள் நான் புடவையோடும் ரப்பர் செருப்போடும் போய் நின்றேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் பத்து இடத்தில் ஒட்டி ஒயர் மாட்ட வேண்டும், அதனால் முன்பக்கம் திறக்கிற மேல்சட்டை, லூசான பேண்ட், ஷூ. வீட்டுக்கு வந்து, முன்னால் முழு நீளத்துக்குப் பட்டன் வைத்து ஒரு காட்டன் குர்தி தைத்தேன். ஒயரைப் பெண் டெக்னீஷியன்தான் மாட்டினார். முன்கூட்டியே கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். மாட்டியதும் சட்டையைச் சாத்திக்கொள்ளலாம். ஒயர் மட்டும் கீழே தொங்கும். அந்தக் குர்தியை இதுவரை நான்கு பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பெல்ட் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். புரூஸ் முறை என்று பெயர். முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், கடைவீதியில் ஜவுளி பார்த்துக்கொண்டு நடக்கிற வேகம், ஆனால் 10 சதவீத ஏற்றத்தில். இவ்வளவுதானா என்றிருந்தது. அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீத ஏற்றம். அங்கேதான் கதை மாறியது. கெண்டைக்கால் கல்லானது. கம்பியை இறுக்கிப் பிடித்தேன். “பிடிக்காதீங்கம்மா, விரலை மட்டும் வைங்க” என்றார் அந்தப் பெண். திரையில் என் நாடித்துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. 220இல் வயதைக் கழித்து அதில் 85 சதவீதத்தைத் தொட வேண்டும்; எனக்கு 148. நான் 152இல் இருந்தேன். 5 நிமிடம் 40 வினாடியில் கையைத் தூக்கிவிட்டேன். மயக்கம், நெஞ்சில் இறுக்கம் எதுவானாலும் உடனே சொல்ல வேண்டும், வீராப்புக் கூடாது. டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். நிறுத்திய பிறகும் சில நிமிடம் ஈ.சி.ஜி.யும் பிரஷரும் பார்ப்பார்கள். அதுவும் டெஸ்டின் பகுதிதான், ஒயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

ரிப்போர்ட்ல “நெகட்டிவ்”னு போட்டிருக்கே, பயமா இருக்கு.

நல்ல செய்தி அது. இதயத்துக்கு ரத்தம் குறைகிற அறிகுறி தெரியவில்லை என்று அர்த்தம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் நெகட்டிவ் என்பதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார்.

எனக்கும் நெகட்டிவ்தான். ஆனால் டாக்டர் அதைத் தாண்டி வேறொரு வரியில் விரலை வைத்தார்: 7 மெட்ஸ். சும்மா உட்கார்ந்திருக்க உடம்புக்குத் தேவையான சக்தி ஒரு மெட்ஸ். அதைப்போல ஏழு மடங்கு வேலைவரை என்னால் தாங்க முடிந்திருக்கிறது. என் வயதுக்கு அது குறைவு. “71 கிலோவை அப்புறம் பார்க்கலாம், இந்த ஏழை எட்டாக்குங்க, ஒன்பதாக்குங்க” என்றார். அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் எடையைக் குறை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜிம்முல ஒரு மெஷின் உடம்புக்கு வயசு சொல்லுதே, அது நிஜமா?

லேசான மின்சாரத்தை உடம்பில் விட்டுக் கொழுப்பையும் தசையையும் கணிக்கிற மெஷின். தண்ணீர் குடித்ததும் குடிக்காததும் கணக்கை மாற்றிவிடும். ஒரே மெஷினில், ஒரே நேரத்தில், மாதம் ஒருமுறை பார்த்தால் போக்கு தெரியும். கர்ப்பிணிகளும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் ஏறக்கூடாது. உடம்பின் வயது 61 என்று அது எனக்குச் சொன்னது, கூடவே ஒரு வருட உறுப்பினர் கட்டணத்தையும்.

தெரியாம இருக்கறவரைக்கும் நிம்மதி அக்கா. தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம்?

நானும் இப்படித்தான் பல வருடம் இருந்தேன், அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அது நிம்மதியா என்று கேட்டால், இல்லை. கல்யாண போட்டோவில் பின் வரிசையில் போய் நிற்பது, படியேறும்போது போன் வந்த மாதிரி நடித்துப் பாதியில் நிற்பது, லேப் வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்ப்பது. இதற்கெல்லாம் நிம்மதி என்று பெயர் வைத்திருந்தேன். ரிப்போர்ட் வந்த அன்று அழுதேன்தான். மறுநாள் காலையில், எதைப் பற்றிப் பயப்பட வேண்டும், எதைப் பற்றி வேண்டாம் என்று தெரிந்திருந்தது. இதயம் வேண்டாம். தைராய்டு வேண்டாம். சர்க்கரை, ரத்தக்குறைவு, ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 210 (150க்குள் இருக்க வேண்டும்), முதல் கட்டக் கொழுப்பு ஈரல், இவை வேண்டும். பயத்துக்கு ஒரு அளவு எடுத்தாயிற்று.

வீட்டில் யாரையாவது கூட்டிப்போக நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மருமகளையோ மகளையோ “குண்டாயிட்டே, வா டெஸ்ட் எடுக்கலாம்” என்று இழுத்துப் போகாதீர்கள். “நான் எடுக்கப் போறேன், துணைக்கு வா” என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, அப்புறம் என்ன செஞ்சீங்க? எவ்வளவு குறைஞ்சீங்க?

இரும்புச்சத்து மாத்திரை, அது டாக்டர் கொடுத்தது. உதிரப்போக்குக்குப் பெண் மருத்துவரைப் பார்த்தேன். ஐந்து டீ இரண்டானது, சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் கஷாயம் குடிப்பதுபோல இருந்தது. முந்திரி டப்பா வீட்டுக்குப் போய்விட்டது. மதியம் தட்டில் சோறு பாதியாகி, மீனும் கீரையும் கூடின. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விடவில்லை, விடுவதாகவும் இல்லை.

நடை கடற்கரைச் சாலையில். காலை ஏழரை வரை வண்டிகளை விடமாட்டார்கள், அதனால் ஆறு மணிக்குப் போனால் சாலையே நமக்குத்தான். வடக்கே பழைய சாராய ஆலைப் பக்கத்திலிருந்து தெற்கே டூப்ளே சிலை வரை போக முதல் நாள் எனக்கு 24 நிமிடம் ஆனது, காந்தி சிலையில் உட்கார்ந்த நேரம் சேர்க்காமல். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை என்பது கணக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். தசைக்கு என்று வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. மெஷின் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறேன். பாபின் சுற்றுவதை மட்டும் நின்றுகொண்டே செய்கிறேன்.

எட்டு மாதத்தில் எடை 66.2. ஐந்து கிலோதானா என்று எல்லாரும் கேட்கிறார்கள். உள்ள எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் இறங்கினாலே சர்க்கரையும் பிரஷரும் கேட்கத் தொடங்கிவிடும். எனக்கு ஏழு சதவீதம் இறங்கியிருக்கிறது. இடுப்பு 89. ஹீமோகுளோபின் 12.1. ஹெச்பிஏ1சி 5.7, ஆனால் இதில் எவ்வளவு நடையால், எவ்வளவு ரத்தம் ஊறியதால் என்று பிரிக்க முடியாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112லிருந்து 99க்கு வந்ததை மட்டும் நம்புகிறேன். டிரெட்மில்லை மறுபடி எடுக்கட்டுமா என்று கேட்டேன். “எதுக்கு? கடைப் படி என்ன சொல்லுது?” என்றார் டாக்டர். பத்தொன்பது படியையும் துணிப் பையோடு ஏறி, மேலே காத்திருக்கிறவரிடம் நிற்காமல் பேச முடிகிறது. டூப்ளே சிலைக்கு 17 நிமிடம்.

பட்டு ஜாக்கெட்டுக்கு ஹூக் மாட்டுகிறது. தையல் எதையும் திரும்பப் போடவில்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன்.

தினமும் எடை பார்க்கலாமா?

தினமும் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் உப்பு தண்ணீரைப் பிடித்து ஒரு கிலோ ஏறி நிற்கும், அது கொழுப்பு இல்லை. நான் வெள்ளிக்கிழமை காலை, கழிவறை போய்விட்டு வந்து, அதே நைட்டியில், அதே மெஷினில் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை டேப்.

மறுபடி எப்போ டெஸ்ட்?

சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். என்னை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது முகூர்த்த சீசனில் மாட்டிக்கொண்டது. அன்றைக்குக் காலையில் ரத்தம் கொடுத்து, இட்லி சாப்பிட்டு (சட்னியோடு), இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுத்துவிட்டு வர வேண்டும். அதனால் அன்று கடை பதினொன்றரைக்குத்தான் திறக்கும். அவசர ஜாக்கெட் இருப்பவர்கள் முந்தின நாளே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.